காரலின் தொண்டைக்குக் குடிவந்தவர்கள்

கடலுக்குள் இருந்தவை எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காரல் மீனுக்கு இப்போது இருக்கிற வாய் கிடையாது. எல்லா மீனுக்கும் இருப்பதுபோல அளவான வாய்தான். மூடினால் மூடியபடி இருக்கும். தொண்டையில் வெளிச்சமும் கிடையாது. இருந்ததெல்லாம் பேச்சு ஒன்றுதான், அதுவும் கொஞ்சநஞ்சப் பேச்சு இல்லை.

அந்தப் பேச்சிலும் முதல் இடம் சிங்காரத்துக்கு. சிங்காரம் ஓர் ஆண் காரல். உள்ளங்கை அகலம், வெற்றிலை கனம், உடம்பெல்லாம் வெள்ளி. கரையோரக் கடல்புல்லுக்குள் ஒரு புதர்தான் அவன் வீடு. அதை வீடு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவன் திரும்பிப் படுத்தால் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த வழியே யார் போனாலும் விடமாட்டான். வாங்க வாங்க, வெளியே நின்றால் எப்படி, உள்ளே வந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பான். நண்டு போனாலும் சொல்வான். புல் மேய வந்த ஆமை போனாலும் சொல்வான். ஆமை உள்ளே வந்தால் புதரும் சிங்காரமும் தரையோடு தரையாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆமை வராது என்பதும் தெரியும்.

அது அந்தக் கடலின் வழக்கம். கூப்பிடுகிறவர் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர், இருக்கட்டும், இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இரண்டு பேருக்கும் மரியாதை, யாருக்கும் செலவில்லை. நாம் மட்டும் என்ன யோக்கியம்? அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதானே வாசலில் நிற்பவரைப் பார்த்துச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறோம். சிங்காரத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது.

அவனுடைய அக்கா கடலாச்சி வேறு மாதிரி. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். காரல் கூட்டம் இரை தேடக் கிளம்பினால் அவள்தான் முன்னால் போவாள். தம்பி போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிடுவதைப் பார்த்து, "என்னைக்காவது ஒருத்தர் நிஜமாவே உள்ள வரப்போறார், அன்னைக்கு இருக்கு உனக்கு" என்பாள். சிங்காரம் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

புல்லை அடுத்து ஒரு பள்ளம் இருந்தது. நீரோட்டம் அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் இரையைக் கொண்டுவந்து சேர்க்கும். காரல்கள் அங்கே போனால்தான் வயிறு நிறையும். பள்ளத்துக்கு அடியில் ஒரு சீலா மீன் கிடக்கும். நீள உடம்பு, நீள வாய், வாய் நிறையப் பல். அது ஓடிப் பிடிக்காது, தேடியும் பிடிக்காது. சும்மா மேலே பார்த்துக்கொண்டே கிடக்கும். மேலே வெயில் பளபளக்கும்போது நடுவில் ஒரு காரல் வந்தால், வெள்ளை வேட்டியில் மை கொட்டியதுபோல் கறுப்பாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளி, அடியிலிருந்து பார்த்தால் கரி. காரலின் தலையெழுத்து அப்படி. அதனால் மற்ற மீன்கள் இருட்டுக்குப் பயந்தால் காரல்கள் உச்சி வெயிலுக்குப் பயந்தன. கடலாச்சி பெற்ற பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பள்ளத்துக்கு மேலேதான் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது கடைசிக் குஞ்சு ஒன்று. அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. தாயின் துடுப்போடு ஒட்டிக்கொண்டே திரியும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பக்கம் பொடிசுகள் வந்து சேர்ந்தன.

பொடிசுகள் என்றால் ஒளிப் பொடிசுகள். கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன உயிர்கள். அவற்றிடம் ஒரு விசித்திரம் உண்டு. தனித்தனியாக இருந்தால் ஒன்றிடமும் துளி வெளிச்சம் இருக்காது. நெருக்கியடித்துக்கொண்டு ஓர் இடத்தில் கூடினால் மட்டும் ஒளி வரும். முன்பு ஒரு கணவாய் மீனின் வயிற்றில் குடியிருந்தன. கணவாயை யாரோ தின்றுவிட, பொடிசுகள் கடல் முழுக்கச் சிதறிப்போயின. சிதறியதில் கொஞ்சம் கைகோத்துக்கொண்டு, வீடு கேட்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கின. கலவாய் மீன் கேட்டது, நீங்கள் வந்தால் வெளிச்சம் வருமா? வரும். வெளிச்சம் வந்தால் என்னைத் தின்ன ஆள் வருமா? கதவு சாத்தப்பட்டது. நண்டு அவை கேட்பதற்கு முன்பே வளைக்குள் போய்விட்டது. ஒளிந்து பிழைக்கிற ஊரில் விளக்கை யார் உள்ளே விடுவார்கள்?

சோர்ந்துபோய்ப் புல்வெளிப் பக்கம் மிதந்து வந்தவை, சிங்காரத்தின் புதரைத் தாண்டும்போது வாயே திறக்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அலுத்துப்போயிருந்தன. சிங்காரம்தான் தண்ணீரில் ஏதோ அசைவதைப் பார்த்துவிட்டுப் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான்.

"வாங்க வாங்க. யாரது, வெளியவே நிக்கிறது? உள்ள வாங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."

பொடிசுகள் வெளியூர். மறுக்க வேண்டும் என்கிற வழக்கம் அவற்றுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கேட்காமலே ஒருவர் கூப்பிடுகிறார், வாசலையும் திறந்து வைத்திருக்கிறார் என்று நம்பின. சிங்காரம் அந்த "வாங்க"வைச் சொல்லத் திறந்த வாயை மூடுவதற்குள் அத்தனையும் உள்ளே போய்விட்டன. வாயைத் தாண்டி, தொண்டையைச் சுற்றி, வளையம்போல் வசதியாக உட்கார்ந்துகொண்டன. சிங்காரம் இரண்டு தடவை எச்சிலை விழுங்கிப் பார்த்தான். தொண்டையில் ஏதோ கதகதப்பாக இருந்தது. பிறகு மறந்துவிட்டான்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். புல்லுக்குள் இருள் கட்டத் தொடங்கியது. காரல்கள் எல்லாம் ஒடுங்குகிற அந்த நேரத்தில் சிங்காரத்தின் நெஞ்சுக்குள்ளிருந்து வெளிச்சம் கிளம்பிற்று. பழுக்காத எலுமிச்சை நிறத்தில் மெல்லிய ஒளி. அது வெள்ளி வயிற்றில் பட்டுப் பரவி, அவனை அடியிலிருந்து முழுக்க வெளிச்சமாக்கியது. பக்கத்தில் இருந்த காரல்கள் அலறிப் புடைத்துக்கொண்டு சிதறின. சிங்காரம் தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டான். முகம் செத்துப்போயிற்று.

பாவம், அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு. விருந்தாளிகளை நேராகப் போகச் சொல்ல அவனுக்கு வரவில்லை. சுற்றி வளைத்தான். ஊரில் எல்லாரும் உங்களைத் தேடமாட்டார்களா என்று விசாரித்தான். எங்களுக்கு ஊரே கிடையாது அண்ணே என்றன பொடிசுகள். இந்த இடம் உங்களுக்குக் குறுகலாக இருக்குமே என்று வருத்தப்பட்டான். குறுகலாக இருந்தால்தான் எங்களுக்கு ஒளி வரும் என்றன. கடைசியில் பொடிசுகளே பேச்சைத் தொடங்கின. எல்லாரும் நாங்கள் கேட்டும் கதவைச் சாத்தினார்கள், நீங்கள் நாங்கள் கேட்பதற்கு முன்பே கூப்பிட்டீர்கள், இந்தக் கடலில் இப்படியும் ஒருத்தர் இருக்கிறாரே என்று எங்களுக்குள் பேசாத நேரமில்லை என்றன. சிங்காரத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

விடிந்ததும் கடலாச்சி வந்தாள். குஞ்சு அவள் துடுப்புக்குப் பின்னாலிருந்து மாமனின் தொண்டையை எட்டிப் பார்த்தது. அதற்குப் பயமில்லை. வெளிச்சத்தைப் பார்த்தபடியே இருந்தது. கடலாச்சி அதைப் பின்னால் தள்ளினாள். அவள் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"துப்பிரு தம்பி. ஒரு தடவை பலமா இருமினா எல்லாம் வெளிய வந்துரும்."

வெளியே வந்தால் சிதறிப்போகும் என்றான் சிங்காரம். சிதறினால் ஒளி போகும், ஒளி போனால் தாங்கள் யார் என்றே அவற்றுக்குத் தெரியாமல் போகும்.

"எனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான். விளக்கை வச்சுக்கிட்டு நீ கூட்டத்துல இருந்தா, சீலா நேரா இங்கதான் வரும். இதையும் குடுத்துட்டு நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

சிங்காரம் குஞ்சைப் பார்த்தான். அக்கா கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவன் இருமப் போனான். வாயையும் திறந்துவிட்டான். தொண்டைக்குள் பொடிசுகள், அவன் ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்துச் சத்தம் அடங்கிக் காத்திருந்தன. அவனுக்கு இருமல் வரவில்லை.

"நான் கூப்பிட்டது பொய்தாங்க்கா," என்றான். "ஆனா அதுக வந்தது பொய்யில்லையே."

அதற்கு மேல் அவன் அங்கே நிற்கவில்லை. புதரை விட்டான், புல்லை விட்டான், கூட்டத்தை விட்டான். சாகிறதானால் தான் மட்டும் சாகலாம் என்று பள்ளத்துப் பக்கம் தனியாகப் போனான். கடலாச்சி அவனைத் தடுக்கவில்லை. அவன் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வார்கள். தம்பி போனது அவளுக்கு வலிக்காமலா இருந்திருக்கும்? வலித்தது. ஆனால் துடுப்புக்குப் பின்னால் குஞ்சு இருந்தது.

சிங்காரம் பள்ளத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஒளிய ஒரு புல் கிடையாது. கீழே எட்டிப் பார்த்தான். சீலா கிடந்தது, மேலே பார்த்தபடி. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று பொடிசுகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். உங்களை நான் மனதாரக் கூப்பிடவில்லை, வாய்ப்பழக்கம், யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வேன், இப்போது என்னோடு சேர்த்து உங்களையும் சாகக் கொண்டுவந்திருக்கிறேன், போவதானால் இப்போதே போய்விடுங்கள் என்றான்.

உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"நாங்க போகணுமா அண்ணே, இருக்கணுமா? அதை மட்டும் இப்ப மனசாரச் சொல்லுங்க."

சிங்காரம் யோசித்தான். வாழ்நாளில் அவன் யோசித்துச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"இருங்க."

பொடிசுகள் அதுவரை காட்டாத ஒளியைக் காட்டின. வயிறு முழுக்க வெளிச்சம். கீழே சீலா கிளம்பி மேலே வந்தது. சிங்காரம் கண்ணை மூட முடியாத மீன், அதனால் அசையாமல் நின்றான். சீலா அவனுக்கு நேர் அடியில் வந்து நின்று மேலே பார்த்தது. அங்கே கறுப்பாக ஒன்றும் இல்லை. மேலே வெயில் எப்படியோ, அவன் வயிறும் அப்படியே இருந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் வெளிச்சம் நின்றால் என்ன தெரியும்? மணம் மட்டும் வருகிறது, ஆளைக் காணோமே என்று சீலா முணுமுணுத்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு அலுத்துப்போய்ப் பள்ளத்தின் ஓரமாகவே வடக்கே போயிற்று.

எல்லா மீனும் விளக்கை அணைத்து ஒளியப் பார்க்கிறது, விளக்கை ஏற்றி ஒளியலாம் என்பது யாருக்குமே தோன்றவில்லையே என்று சிங்காரம் வியந்துபோனான். அக்காவிடம் உடனே சொல்ல வேண்டும் என்று வாலை வீசித் திரும்பினான். அப்போதுதான் சீலா போன திசை அவனுக்கு உறைத்தது. நீரோட்டம் திரும்புகிற நேரம் அது. பள்ளத்தின் வடக்கு ஓரத்தில் காரல் கூட்டம் இரைக்கு வந்திருக்கும்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூட்டமாக இல்லை. தண்ணீரெல்லாம் உதிர்ந்த செதில் மின்னியது. தப்பியவை புல்லைப் பார்த்து ஓடிவிட்டன. கடலாச்சி மட்டும் புல்லிலிருந்து வெகு தூரத்தில், குஞ்சோடு, வெட்டவெளியில் மாட்டிக்கொண்டு நின்றாள். குஞ்சை விட்டுவிட்டு ஓடியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். சீலா ஒரு பாய்ச்சல் பாய்ந்து தள்ளிப் போய், மறுபடி அடியில் இறங்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

சிங்காரம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னான். கடலாச்சிக்கு ஒரு முறை சொன்னால் போதும். துப்பச் சொன்ன வாயாலேயே பொடிசுகளைக் கும்பிட்டுக் கேட்டாள். என் பிள்ளையிடமும் கொஞ்சம் பேர் வாருங்கள் என்றாள். பொடிசுகளுக்கு மனமில்லாமல் இல்லை. வருகிறோம் அம்மா, ஆனால் அது உங்கள் பிள்ளையின் தொண்டை, அவன் வீடு, அவன்தானே கூப்பிட வேண்டும் என்றன. ஒருவருக்காக இன்னொருவர் கூப்பிட்டால் அங்கே எங்களால் தங்க முடிவதில்லை, இது எங்கள் பிடிவாதம் இல்லை, எங்கள் பிறவி அப்படி என்றன.

குஞ்சுக்குப் பேச்சு வராது. கடலாச்சி அதன் பக்கம் திரும்பி, சொல்லு சாமி, வாங்கன்னு சொல்லு என்று கெஞ்சினாள். யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவள். குஞ்சு தாயைப் பார்த்தது. மாமனின் தொண்டையில் எரிகிற ஒளியைப் பார்த்தது. அதற்கு அது வேண்டும். வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. இன்னும் திறந்தது. அப்படியும் வரவில்லை. சொல்லத்தான் முடியவில்லை, எட்டியாவது பிடிப்போம் என்று வாயை முன்னால் நீட்டியது. உதடும் தாடையும் முகத்தை விட்டுக் கிளம்பி, ஒரு சின்னக் குழாய்போல் நீண்டு, மாமன் பக்கம் போயிற்று. அதற்கு முன்னால் எந்த மீனும் அப்படி வாயை நீட்டியதில்லை.

பொடிசுகளுக்கு அது போதுமாக இருந்தது. கொஞ்சம் பேர் மாமனின் வாயிலிருந்து இறங்கி, நீட்டிய அந்த வாய் வழியே குஞ்சுக்குள் போனார்கள்.

ஆனால் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் பெருகி, நெருங்கி, ஒளி வர மறுநாள் ஆகும். சீலா மறுநாள்வரை காத்திருக்காது. அது மேலே கிளம்பியாயிற்று. சிங்காரம் சட்டென்று குஞ்சுக்கு அடியில் போய் நின்றான். தன் வயிற்று வெளிச்சத்தால் தன்னையும் குஞ்சையும் மறைத்தான். அப்போதுதான் கடலாச்சி தன்னைக் கவனித்தாள். அவளிடம் ஒளி இல்லை. தம்பியின் உடம்பு அவளை மறைக்கக் காணாது. அவள் பக்கத்தில் கறுப்பாக நின்றால், அந்தக் கறுப்பைப் பார்த்துச் சீலா மூன்று பேரிடமும் வரும். அவளும் வாயை நீட்டிக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கு நேரம் இல்லை.

"அசையாம நில்லுடா," என்றாள் தம்பியிடம். குஞ்சை ஒரு தடவை மூக்கால் தொட்டாள். பிறகு திரும்பி, புல் இருக்கும் பக்கம் போகாமல், பள்ளத்தின் நடுப்பக்கமாக, வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து விரைந்து போனாள். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அவளைவிடத் தெளிவாக அன்று எதுவும் தெரிந்திருக்காது. சீலா அவள் பின்னால் போயிற்று.

சிங்காரம் அசையவில்லை. அக்கா சொன்ன சொல்லை அன்றுதான் முழுசாகக் கேட்டான். மேலே குஞ்சு அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு, தாய் போன திசையைப் பார்த்து மறுபடி வாயை நீட்டியது. அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் புல்லுக்குள் குஞ்சின் தொண்டையில் ஒளி வந்தது. தப்பிய காரல்கள் வந்து பார்த்தன. ஒவ்வொன்றாக அதேபோல வாயை நீட்டிப் பார்த்தன. முதலில் வலித்தது, பிறகு பழகிற்று. பொடிசுகள் ஒவ்வொரு வீடாகக் குடிபோயின. சிங்காரம் அதற்குப் பிறகு புதருக்கு வெளியே நின்று யாரையும் கூப்பிடவில்லை. ஆமை அந்த வழியே போகும்போது அவன் சும்மா இருப்பதைப் பார்த்து, உடம்பு ஏதும் சரியில்லையா என்று விசாரித்ததாம். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். மற்றக் காரல்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை விட்டுவிட்டன. மனதார ஒன்றைக் கேட்கச் சொல் தேவையில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, பேசுவதற்கு அவற்றுக்குக் கூச்சமாகப் போயிற்று.

இப்போதும் கரைவலை இழுத்துக் கொட்டுகிற இடத்தில் போய்ப் பாருங்கள். குவியலாகக் கிடக்கிற காரலில் ஒன்றை எடுத்தால், அது வாயைக் குழாய்போல் நீட்டும். பேச்சின் மிச்சமாகக் கிரீச் என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அவ்வளவுதான். மீன் அலசுகிற பெண்கள் அதைப் பார்த்து, என்னத்தையோ கேக்குது பாரு என்பார்கள். கேட்கத்தான் செய்கிறது.

தாய்க்காரலின் தொண்டையில் எவ்வளவு ஒளி இருந்தாலும், குஞ்சு பிறக்கும்போது அதன் தொண்டை இருட்டாகத்தான் இருக்கிறது. வெள்ளியைத் தாய் கொடுக்கிறாள், வாயைத் தாய் கொடுக்கிறாள், விளக்கை மட்டும் அவளால் கொடுக்க முடிவதில்லை. கடலாச்சி போன அந்த நாளிலிருந்துதான், பிறக்கிற ஒவ்வொரு காரல் குஞ்சும் கடலைப் பார்த்துத் தன் வாயைத் தானே நீட்டுகிறது.